'விடுதிக் காப்பாளர்' என்று நீங்கள் எழுதிய எங்கள் பெரியக்காவைப் பற்றி: நம் மிஷனெரிச் சங்கத்தின் செயற்குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயற்குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

சென்ற ஜனவரி மாதம் பணித்தளங்களுக்கு நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையின் ஏழாம் பத்தியில், பெண் மிஷனெரிகளுக்கான பயிற்சி இல்லம் வருகிற ஜூன் மாதத்தோடு மூடப்படும் என்றும், எட்டு மாதப் பயிற்சிக்குப் பதிலாக இனி ஆறு வாரமே நடக்கும் என்றும், அதிலும் நான்கு வாரம் கைபேசி வழியாகவே வகுப்பு எடுக்கப்படும் என்றும் அறிவித்திருந்தீர்கள். அந்தப் பத்தி இப்படி முடிகிறது: "விடுதிக் காப்பாளர் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுகிறார்." பத்தொன்பது ஆண்டுகள் அந்த இல்லத்தில் எங்களை உருவாக்கி அனுப்பிய ஒருவருக்கு உங்கள் தாளில் கிடைத்தது அந்த ஒரு வரிதான். அதில் அவருடைய பெயர்கூட இல்லை. நானும் இந்த மடலில் அவர் பெயரை எழுதவில்லை. எழுத வேண்டாம் என்று அவரே என்னிடம் கேட்டுக்கொண்டார். உங்களிடம் அவர் அப்படிக் கேட்டிருக்கவில்லை.

பெரியக்கா என்றுதான் அவரை எல்லாரும் அழைத்தோம். அவரிடம் பயிற்சி பெற்றுப் பதினாறு ஆண்டுகளாக ஜார்க்கண்டின் சந்தால் பர்கனாவில் ஊழியம் செய்து வருகிறேன். சுற்றறிக்கை வந்த வாரத்திலேயே ஒரு கடிதமும், பிப்ரவரி மாதத்தில் இன்னொரு கடிதமும் தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். இரண்டுக்கும் பதில் வரவில்லை. ஆகவே, காணிக்கையாலும் ஜெபத்தாலும் நம் சங்கத்தைத் தாங்குகிற சபையாரும் ஜெபக்குழுவினரும் அறியும்படி இதை வெளிப்படையாக எழுதுகிறேன்.

அவர் செய்துவந்த வேலை இன்னதென்று செயற்குழுவுக்குத் தெரியாமற்போனதால்தான் இந்த முடிவு இவ்வளவு எளிதாக எடுக்கப்பட்டது என்று நினைக்கிறேன். சாவிக்கொத்தை வைத்திருப்பதும், சமையற்கட்டைப் பார்த்துக்கொள்வதும், இரவு ஒன்பது மணிக்கு வாயிற்கதவைப் பூட்டுவதும் அவர் வேலையென்று உங்கள் பதிவேட்டில் இருக்கக்கூடும். அவற்றையும் அவர் செய்தார். ஆனால் நாங்கள் அந்த இல்லத்துக்குள் நுழைந்த நாளிலிருந்து வண்டியேறிய நாள்வரை, காலையில் தண்ணீர்க்குடத்தைத் தூக்குவதிலிருந்து இரவில் நாட்குறிப்பு எழுதுவதுவரை, எல்லாமே பாடமாக இருந்தது. எங்களில் பலருக்கு அது பாடம் என்பதே பணித்தளத்துக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

இருபத்தாறு வயதில் வடக்கே போய், இருபத்தொரு ஆண்டுகள் சந்தால் பழங்குடி மக்கள் நடுவில் வாழ்ந்துவிட்டு, சங்கம் கேட்டுக்கொண்டதன் பேரில் பயிற்சி கொடுக்கத் திரும்பியவர் அவர். முதல் மாதத்தில் பிரசங்கம் செய்ய எங்களை விடவே மாட்டார். காதைத்தான் பழக்குவார். சந்தாலி மொழியில் தண்ணீர் 'தாக்'. அதன் கடைசி ஒலியை வெளியே விடாமல் தொண்டையிலேயே அடக்க வேண்டும். சோறு 'தாகா'. தாகத்துக்குத் தண்ணீர் கேட்கிறவள் சோறு கேட்டதாக ஆகிவிடக்கூடாது. அதுவும் அரிசியில்லாத வீட்டில் கேட்டுவிடக்கூடாது என்று சொல்லிச் சொல்லி, ஒரே சொல்லை எங்களை நாற்பது முறை சொல்லவைப்பார். சபைகளில் பாட்டுப் புத்தகமும் வேதமும் ரோமன் எழுத்தில் இருப்பதால் அதை மட்டும் கற்றால் போதும் என்று நாங்கள் எண்ணியபோது, சந்தாலி மொழிக்கென்றே 1925இல் ரகுநாத் முர்மு உருவாக்கிய ஒல் சிக்கி எழுத்தையும் சிலேட்டில் எழுதிப் பழகச் செய்தார். ரோமன் எழுத்து மட்டும் தெரிந்தவள் சபைக்குள்ளேயே இருந்துவிடுவாள், தெருவிலுள்ள பிள்ளையின் பள்ளிக்கூடப் புத்தகம் அவளுக்கு அந்நியமாகிவிடும் என்பது அவர் சொன்ன காரணம். அது எவ்வளவு சரியென்பதை இந்தப் பதினாறு ஆண்டுகளில் எத்தனையோ திண்ணைகளில் கண்டிருக்கிறேன்.

இன்னொன்றையும் அவர் விட்டுக்கொடுத்ததில்லை. போகிற நாட்டின் துக்கத்தை அறியாமல் போகாதீர்கள் என்பார். 1855ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் போக்னாடி கிராமத்தில் சித்துவும் கானுவும் மக்களைத் திரட்டி, வட்டிக்காரர்களுக்கும் ஜமீன்தார்களுக்கும் கம்பெனி ஆட்சிக்கும் எதிராக எழுந்த 'ஹூல்' கலகத்தையும், அவர்களுடைய சகோதரிகளான பூலோ, ஜானோ ஆகியோரையும் பற்றி, இரண்டு மாலைப்பொழுதுகள் முழுவதும் கதையாகச் சொன்னார். அந்தக் கலகத்துக்குப் பிறகே சந்தால் பர்கனா என்னும் தனி மாவட்டம் உண்டாக்கப்பட்டது. நான் அங்கே போன முதல் ஆண்டில், ஜூன் 30 அன்று கிராமத்தார் கூடியிருந்த இடத்தில் ஒரு முதியவளின் அருகே போய் உட்கார்ந்து பூலோவின் பெயரைச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கிராமத்தில் எனக்குத் திறந்த முதல் வீடு அவளுடையது. கைபேசித் திரையில் நான்கு வாரம் நடக்கிற வகுப்பில் இதற்கு எங்கே இடம் வைத்திருக்கிறீர்கள் என்று உண்மையாகவே கேட்கிறேன்.

பெண்களுக்கென்று தனிப் பயிற்சி எதற்கு என்று உங்களில் சிலர் கேட்பதாக அறிகிறேன். இரண்டு இரவு ரயிலில் போகும்போது மாதவிலக்கு வந்தால் என்ன செய்வது, எல்லாரும் குளிக்கிற குளத்தங்கரையில் துணியை எப்படி அலசி எங்கே உலர்த்துவது, குளிர்காய்ச்சல் கண்டு தனியாகப் படுத்திருக்கும்போது யாரை முதலில் எழுப்புவது, கிராமத்தில் ஒருவன் பெண் கேட்டு வந்தால் அவன் வீட்டார் மனம் நோகாமல் எப்படி மறுப்பது, மாமியார் இருக்கும்போது மருமகளிடம் எதையெல்லாம் கேட்கக்கூடாது: இவையெல்லாம் பொதுப் பயிற்சி மையத்தின் எந்தப் பாடத்திலும் இல்லை. அங்கே பாடம் நடத்துகிற சகோதரர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களிடம் இவற்றைக் கேட்க இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு நா எழாது. கேட்டாலும் அவர்களுக்குப் பதில் தெரிய வழியில்லை. என் வாழ்க்கையில் ஒரு மூத்த பெண் இவற்றை என்னிடம் வாய்திறந்து பேசியது அந்த இல்லத்தின் அடுக்களையில்தான்.

மாத்திரை கொடுக்கிற கையால் அந்த நிமிடத்திலேயே துண்டுப்பிரதியையும் நீட்டாதே என்று அவர் சொல்வது இன்றும் என் செவியில் இருக்கிறது. நோயாளியின் இயலாமையை வாசலாக்கிக்கொண்டு நுழைவது ஆண்டவருக்குப் பிரியமான வழியல்ல என்பார். பணித்தளச் செய்தி எழுதும்போதும் எண்ணிக்கையைப் பெருக்கி எழுதவிட மாட்டார். எத்தனை பேர் கேட்டார்கள் என்பதை விடு, யார் வீட்டில் சாப்பிட்டாய், அவர்கள் பிள்ளையின் பெயர் என்ன என்று எழுது என்பார். வற்புறுத்தியோ ஆசைகாட்டியோ மதம் மாற்றுவதைத் தண்டிக்கும் மதச் சுதந்திரச் சட்டம் ஜார்க்கண்டில் 2017இல் வந்து, பணித்தளங்களில் பலர் கலங்கியபோது, அவரிடம் பயின்றவர்களுக்கு மறைக்க வேண்டியது ஒன்றும் இருக்கவில்லை. இது என் அனுபவம். என்னைப்போன்ற மற்றவர்களும் இதையே சொல்வார்கள்.

என் வீட்டுக் கதையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் மிஷனெரியாகப் போகிறேன் என்றதும் என் தகப்பனார் நான்கு மாதம் என்னோடு பேசவில்லை. பெரியக்கா இரண்டு பேருந்து மாறி எங்கள் ஊருக்கு வந்தார். வந்தவர் என் தாயாரோடு திண்ணையில் உட்கார்ந்து, முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, சாயங்காலம்வரை பீடி இலை வெட்டிக்கொடுத்தார். தேவ அழைப்புக்குக் குறுக்கே நிற்கலாமா என்பதுபோல ஒரு சொல்லும் சொல்லவில்லை. புறப்படும்போது என் தகப்பனாரிடம், "உங்க மக போகலைன்னா நான் குறைவா நினைக்க மாட்டேன் அண்ணாச்சி. போனா, அவ எப்படி இருக்கான்னு மாசம் தவறாம உங்களுக்கு எழுதுவேன்" என்றார். அதற்குப்பின் ஒன்பது ஆண்டுகள் கழித்து என் தகப்பனார் இறந்தார். அவருடைய தகரப் பெட்டியில், நூல் போட்டுக் கட்டியபடி, தொண்ணூறுக்கும் மேற்பட்ட இன்லேண்ட் கடிதங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் என் உடல்நிலையையும், நான் என்ன சாப்பிடுகிறேன் என்பதையும், எந்த மாதம் விடுமுறைக்கு வரக்கூடும் என்பதையும் பெரியக்கா எழுதியிருந்தார். இப்படி அவர் எழுதிவந்தது ஒரு வீட்டுக்கு மட்டுமல்ல. அந்தத் தபால் செலவைச் சங்கத்திடம் அவர் ஒருநாளும் கேட்டதில்லை. இதை எந்தக் கணக்குத் தலைப்பில் நீங்கள் எழுதுவீர்கள்?

எழுதத் தயங்கிய ஒன்றும் உண்டு. ஆனாலும் அதை விட்டுவிட்டால் இம்மடல் உண்மையாக இராது. நான் பணித்தளத்துக்கு வந்த மூன்றாம் ஆண்டில், மேற்பார்வைப் பொறுப்பில் இருந்த ஒருவர், கணக்குப் பார்க்க வேண்டும் என்று இரவு எட்டரை மணிக்கு நாங்கள் இரண்டு பெண்கள் தங்கியிருந்த வீட்டுக்கு வந்தார். பொழுது சாய்ந்தபின் கணக்குப் புத்தகத்தைத் திறக்காதே, கதவைச் சாத்தாதே, பக்கத்து வீட்டுப் பாட்டியை வந்து உட்காரச் சொல், நடந்ததை அன்றிரவே தேதியிட்டு எழுதி வை என்று பெரியக்கா கற்பித்திருந்தபடியே செய்தோம். வந்த மனிதர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் வந்தார். நான் பெரியக்காவுக்கு எழுதினேன். அவர் தன் செலவில் சென்னைக்கும், அங்கிருந்து ஹவுராவுக்கும், பிறகு பர்ஹர்வாவுக்கும் வண்டி மாறி வந்து, எங்களோடு பத்து நாள் தங்கி, நாங்கள் எழுதி வைத்திருந்ததை வாங்கிக்கொண்டு தலைமை அலுவலகத்துக்குப் போனார். அந்த மனிதர் மாற்றப்பட்டார். எங்களிடம் யாரும் எதையும் விசாரிக்கவில்லை, வருத்தமும் தெரிவிக்கவில்லை. அன்றைக்குப் பெண்களுக்காக நம் சங்கத்தில் இருந்த ஒரே முறையீட்டு வழி, நீங்கள் விடுதிக் காப்பாளர் என்று எழுதியிருக்கிற அந்த ஒருவர்தான். அவரையும் விடுவித்துவிட்டால் இனி ஒரு பெண் யாருக்கு எழுதுவாள்?

சென்ற ஆண்டு சோதனை முயற்சியாக மூன்று பெண்களைக் குறுகிய பயிற்சி கொடுத்து அனுப்பினீர்கள். கிறிஸ்துமசுக்கு முன்பே இருவர் திரும்பிவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி ஊருக்குப் போகும் வழியில் என்னிடம் ஆறு நாள் தங்கினாள். கடுகெண்ணெயின் வாடை பிடிக்காமல் மூன்று மாதமாக அரைவயிறு சாப்பிட்டிருக்கிறாள். இந்தி எழுத்துகளைக் கூட்டிப் படிக்கவே திணறியிருக்கிறாள். காய்ச்சலோடு நான்கு நாள் படுத்திருந்தும், தொந்தரவு என்று நினைப்பார்களோ என்று பயந்து யாரையும் கூப்பிடவில்லை. அவள் பணித்தள அறிக்கையில் 'விசுவாசத்தில் பலவீனமானவள்' என்று எழுதப்பட்டிருக்கிறது. அது உண்மையல்ல. ஆறு நாளும் விடியற்காலையில் எனக்கு முன்பே எழுந்து அவள் ஜெபித்ததை நான் கண்டேன். ஆயத்தமில்லாமல் அனுப்பியது நம் தவறு. அதைச் சின்னப் பெண்ணின் தலையில் எழுதி வைத்திருக்கிறோம்.

செலவையும், விண்ணப்பிக்கும் பெண்களின் எண்ணிக்கை குறைந்ததையும் காரணமாகச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த இல்லத்து அரிசியில் பெரும்பகுதி, சபைகளில் பெண்கள் உலை வைக்கும்போது ஒதுக்கி வைத்த கைப்பிடி அரிசி. காய்கறி கொல்லையில் விளைந்தது. கூரை ஒழுகுகிறது என்பதும் பழுதுபார்க்கப் பணம் வேண்டும் என்பதும் மெய்தான். பெரியக்காவுக்கு அறுபத்தாறு வயதாகிவிட்டது என்பதும், தமக்குப்பின் ஒருவரைப் பழக்க வேண்டும் என்று அவரே பலமுறை சொல்லிவந்தார் என்பதும் மெய்தான். நான் மாற்றமே வேண்டாமென்று வாதாடவில்லை. பழக்க ஒருவரைக் கேட்டவருக்கு, இல்லத்தையே மூடுகிறோம் என்று பதில் சொன்னதைத்தான் ஏற்க முடியவில்லை.

நம் திருநெல்வேலித் திருச்சபையின் வழக்கம் இதுவல்ல. 1780இல் பாளையங்கோட்டைச் சபையின் பதிவேட்டில் நாற்பது பெயர்கள் எழுதப்பட்டபோது முதலாவதாக நின்றது குளோரிந்தா அம்மாளின் பெயர். டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையார், தம்மோடு ஊழியம் செய்து, நெய்யூரில் குழந்தைகளைப் பொறுப்பேற்று வளர்த்த பொன்னம்மாள் 1915இல் மரித்தபின், அவரைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரிச் சங்கம் தொடங்கக் காரணமாயிருந்தவர், 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் மேல்நாட்டு மிஷனெரிகளைப் பார்த்து, நீங்கள் பொருளையும் உயிரையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். மேலே இருப்பவர் கீழே இருப்பவரை நடத்துகிற விதத்தைப் பற்றிய அந்தக் கேள்வி இன்று நம் சங்கத்துக்குள்ளும் கேட்கப்பட வேண்டியது. பவுல் அப்போஸ்தலன் ரோமாபுரிச் சபைக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தில், பெபேயாளின் பெயரைச் சொல்லி, அவள் அநேகருக்கும் தனக்குங்கூட "ஆதரவாயிருந்தவள்" என்று எழுதிவிட்டுத்தான் மற்றவர்களுக்கு வாழ்த்துச் சொல்லத் தொடங்குகிறார். பெயரைச் சொல்லி நன்றி கூறுவதை அவர் சிறிய காரியமாக எண்ணவில்லை.

ஆகையால் செயற்குழு சொல்லாமல் விட்ட நன்றியை, அவரிடம் பயின்றவர்கள் சார்பில் இங்கே சொல்லிவிடுகிறேன். பெரியக்கா, எங்களைப் போகச் சொல்லி அவசரப்படுத்தாமல், போகலாமா வேண்டாமா என்று நாங்களே ஜெபித்துத் தீர்மானிக்கும்வரை காத்திருந்தீர்கள். போக முடியாது என்று திரும்பிப்போனவளையும் பேருந்து நிலையம்வரை வந்து வழியனுப்பி, அடுத்த மாதமே அவளுக்கும் கடிதம் எழுதினீர்கள். என் தகப்பனார் என்னோடு பேசினது உங்களால். சந்தாலிப் பெண்கள் என்னைத் தங்கள் பாயில் உட்காரவைப்பது உங்களால். உங்களுக்கு நன்றி.

செயற்குழுவினரிடம் நாங்கள் கேட்டுக்கொள்வன இவை. இல்லத்தை மூடும் முடிவை இந்த ஜூன் மாதத்தில் நடைமுறைப்படுத்தாமல் நிறுத்திவைத்து, முதல்முறையாக வெளி மாநிலப் பணித்தளத்துக்குப் போகும் பெண்களுக்கு எட்டு மாதப் பயிற்சியைத் தொடர வேண்டும். பத்து ஆண்டுகளுக்குக் குறையாமல் பணித்தளத்தில் இருந்த பெண்களில் இருவரைத் தெரிந்தெடுத்து, ஓராண்டு பெரியக்காவோடு இல்லத்திலேயே தங்கவைத்து, அவருடைய பொறுப்பை ஏற்கும்படி பழக்க வேண்டும். அதற்கு எவரும் கிடைக்கவில்லையென்றால் நான் வர ஆயத்தமாயிருக்கிறேன்.

பெரியக்காவின் பதவியைப் பதிவேட்டில் பயிற்சி ஆசிரியை என்று திருத்த வேண்டும். இது பெயருக்காகக் கேட்பதல்ல. விடுதிக் காப்பாளர் என்று எழுதியிருப்பதால், கடைசிப் பத்தொன்பது ஆண்டுகள் மிஷனெரிகளின் ஓய்வுகால உதவிக்கும் மருத்துவ உதவிக்கும் கணக்கில் சேராது என்று அலுவலகத்தில் அவரிடம் சொல்லப்பட்டிருக்கிறது. நாற்பது ஆண்டுகளையும் ஒரே ஊழியமாகக் கணக்கிட வேண்டும். வருகிற ஆண்டுக் கூட்டத்தில் சபையார் முன்னிலையில் அவருக்கு நன்றி கூறி, அதைக் கூட்டக் குறிப்பில் அவர் பெயரோடு எழுத வேண்டும்.

பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பத்துப் பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனங்கள் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு அமைக்க வேண்டும் என்கிறது. பயிற்சி பெறுகிறவர்களும் சம்பளமில்லாத தன்னார்வலர்களும்கூட அதன் பாதுகாப்புக்குள் வருகிறார்கள். தலைமையில் ஒரு பெண், பாதிக்குக் குறையாத பெண் உறுப்பினர்கள், வெளியிலிருந்து ஒருவர் என்று அச்சட்டம் கேட்கிறபடியே குழுவை அமைத்து, உறுப்பினர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஒவ்வொரு பணித்தளத்துக்கும் அனுப்ப வேண்டும். சென்ற ஆண்டு திரும்பிய இரண்டு பெண்களின் அறிக்கைகளிலிருந்து 'விசுவாசத்தில் பலவீனமானவள்' என்பதுபோன்ற வாசகத்தை நீக்கி, அவர்கள் விரும்பினால் முழுப் பயிற்சியோடு மறுபடியும் வர வழி திறந்திருக்கிறது என்று அவர்களுக்கு எழுத வேண்டும்.

இவற்றைப் பற்றி முடிவெடுக்குமுன் எங்களை நேரில் கேளுங்கள். உங்கள் அடுத்த கூட்டத்துக்குப் பணித்தளங்களிலிருந்து பெண்கள் நால்வர் எங்கள் சொந்தச் செலவில் வருகிறோம். ஹவுராவிலிருந்து கோடை விடுமுறைக் காலத்தில் பயணச்சீட்டு எளிதில் கிடைக்காது. ஆகவே கூட்டத்தின் நாளை இந்த மாத இறுதிக்குள் எங்களுக்குத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கிறிஸ்துவின் பணியில்,
சந்தால் பர்கனாவிலிருந்து,
பெரியக்காவின் மாணவி ஒருத்தி